நுரை நிற்காத கிளாஸ்

ராஜகுமாரி தன் ஆயுளில் ஒரு வாய் பீர் குடித்தவள் இல்லை. ஆனால் பீரின் நுரை எதனால் நிற்கும், எதனால் சாகும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு முத்தாபுதுப்பேட்டையில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லாம் கட்டிக்கொண்டவன் புண்ணியம்.

புருஷன் இருதயராஜ் ஒரு பீர் கம்பெனியில் ருசி பார்க்கும் அறையில் வேலை பார்த்தவன். கிளாஸில் ஊற்றுவான், நுரை எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பான். அதற்குச் சம்பளம். பார்த்ததோடு விட்டிருந்தால் இவள் பாடு வேறு மாதிரி இருந்திருக்கும். மிச்சத்தைக் குடித்தான். வீட்டுக்கு வரும் வழியிலும் குடித்தான். இவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக்குக் காலர் தைத்துத்தான் மகள் வர்ஷாவைப் படிக்க வைத்தாள். கடைசியில் ஒருநாள் அவன் ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தான். ஈரல் போய்விட்டது, இனிமேல் தொட்டால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதை இவள் ஒருத்தியாக நின்று கேட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மாதா கோயிலுக்கு இழுத்துப்போய் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிறுத்தினாள். இனி குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தான். செய்தபடி இருந்தும் காட்டினான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலை போய், வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், ஒருநாள் மொட்டை மாடியில் கோணியை விரித்து பார்லியை முளைகட்ட ஆரம்பித்தான். அதைக் காயவைத்து அரைத்து, அண்டாவில் வேகவைத்து, வெல்லமும், பீருக்கென்றே எங்கிருந்தோ வரவழைத்த கசப்புப் பூவும் போட்டு, தண்ணீர்க் கேனில் ஊற்றிப் புளிக்கவைத்தான். ராஜகுமாரி அண்டா முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாய்யா இது? கோயில்ல சத்தியம் பண்ட்டு ஊட்டுக்குள்ளயே காச்சிகினு கீற? போலீஸ் வந்தா நானா போய் நிப்பேன்?"

"குடிக்க மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன், காச்ச மாட்டேன்னா பண்ணேன்? நுரைய மட்டும் பாக்கறேன் ராஜி. அத உட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?"

சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னான். "ஸ்ட்ராங் பீர்ல நுரை நிக்கறது கஷ்டம். நான் நிக்க வெப்பேன். நின்னுச்சுன்னா அன்னிக்கு ஒரே ஒரு கிளாஸ். நிக்கலன்னா சாக்கடைலதான் ஊத்துவேன். ஊத்துன ஒடனே படுத்துக்கற பீர இதுவரைக்கும் நான் வாயில வெச்சதில்ல."

அந்த ஒரே ஒரு கிளாஸ் என்றால் என்னவென்று அவளுக்கா தெரியாது? இருபது வருஷம் அதோடு குடும்பம் நடத்தியவள். ஆனால் கேனைப் போட்டு உடைத்தால் அவன் கடைக்குப் போய்விடுவான் என்று பயந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பின்வாசலில் உட்கார்ந்து ஊற்றுவான். முதலில் எல்லாம் நுரை சோடா போலப் பொங்கி, பொங்கின வேகத்திலேயே போய்விட்டது. அவன் குறை சொல்லாத பொருள் இல்லை. வெயில் ஜாஸ்தி, வெல்லம் ஜாஸ்தி என்று புலம்பினான். கேனுக்கு ஈரக் கோணி சுற்றினான். வெல்லத்தைக் குறைத்து பார்லியைக் கூட்டினான். பிறகு பார்லியோடு கோதுமையையும் முளைகட்டிச் சேர்த்தான். அந்தத் தடவை நுரை கிளாஸின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றது. அவன் கண் பளபளத்ததை ராஜகுமாரி பார்த்துவிட்டாள்.

கம்பெனிக் காலத்தில் அவன் திட்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எவனோ பூரி தின்ற கையோடு கிளாஸைத் தொட்டானாம். எண்ணெய் பட்டால் நுரை செத்துவிடும், அறிவு வேண்டாமா என்று வீட்டுக்கு வந்து குதித்திருந்தான்.

அடுத்த வாரம் கிளாஸைக் கழுவி எடுக்கும்போது ராஜகுமாரி தன் தலை வகிட்டில் விரலை ஓட்டி, அதே விரலால் கிளாஸின் உட்புறத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். தினமும் தேங்காய் எண்ணெய் தேய்த்து வாரும் தலை. அது போதும். நுரை எழுந்தது, விழுந்தது. "போச்சு ராஜி" என்று பெருமூச்சு விட்டு அவன் சாக்கடையில் ஊற்றினான். திருட்டுத்தனம்தான். புருஷன் உயிருக்காக இதைக்கூடச் செய்யாதவள் என்ன பெண்டாட்டி?

அப்புறம் எல்லா ஞாயிறும் அப்படித்தான். அவன் கேனில் எதையெதையோ மாற்றிப் பார்த்தான். கிளாஸை மட்டும் மாற்றவில்லை. "அந்தக் கிளாஸையே எடு" என்பான். சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து நன்றாகச் சாப்பிடுவான். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ராஜகுமாரி ஆண்டவருக்கு நன்றி சொன்னாள்.

வர்ஷாவுக்கு இது ஒன்றும் தெரியாது. வானகரத்தில் பிளாட்டில் குடியிருந்தாள். கம்ப்யூட்டர் வேலை. அப்பா குடிப்பதில்லை, பொழுதுபோக்குக்குக் காய்ச்சிக் கீழே கொட்டிவிடுகிறார் என்பது வரை அவளுக்குத் தெரியும். அந்த ஒரு கிளாஸ் பேச்சை ராஜகுமாரி அவளிடம் சொல்லவில்லை. பெண் மனசை ஏன் கெடுப்பது என்று இருந்துவிட்டாள். அங்கேதான் கெட்டது.

ஈஸ்டர் அன்று வர்ஷா வந்திருந்தாள். ராஜகுமாரி காலையில் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்திருந்தாள். அதற்காகச் சனிக்கிழமையே கிளாஸில் தடவி எடுத்து வைத்தாயிற்று. அடுப்படியில் மட்டன் வறுத்துக்கொண்டிருந்தபோது பின்வாசலில் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, ஓடி வா! இன்னிக்கு நான்தான் ஊத்துனேன். நுரையப் பாரேன், எப்டி நிக்குதுன்னு!"

ராஜகுமாரி ஓடினாள். கிளாஸின் மேல் வெள்ளையாக, கெட்டியாக நின்றது. இருதயராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது.

"உங்கம்மா எடுத்து வெச்ச கிளாஸ் எங்கடி?" என்று மகளைக் கேட்டான்.

"அதாம்பா இது. போன்ல பாத்தேன், கிளாஸ்ல பிசுக்கு இருந்தா நுரை நிக்காதாம். உப்பு போட்டு வெந்நீர்ல தேச்சுக் கழுவிட்டேன். இத்தன நாளா பீர்ல தப்பே இல்லப்பா!"

"எனக்குத் தெரியும்மா" என்றான். பிறகு ராஜகுமாரியைப் பார்த்தான். "கிளாஸ எடுத்தா உன் தல வாசன வரும். அது வந்தா தைரியமா ஊத்துவேன்."

அவள் பாய்ந்துபோய் வகிட்டில் விரலை ஓட்டி, நுரைக்குள் விட்டுச் சுழற்றினாள். அடுப்படியில் எண்ணெய்ச் சட்டியே இருந்தது. அது அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை. பழகின விரல் பழகின இடத்துக்குத்தான் போயிற்று. சீயக்காய் போட்ட தலையில் எண்ணெய் ஏது? விரல் பட்ட இடம் குழிந்து மறுபடி மூடிக்கொண்டது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது விழவில்லை.

"ஊத்துய்யா! சாக்கடைல ஊத்து!"

"நிக்குது ராஜி" என்றான். எடுத்துக் குடித்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் கேன் காலி. மறுநாள் கடைக்குப் போனான். மழைக்காலம் வரை அவன் தாங்கவில்லை.

அடக்கம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். வர்ஷா தாயின் பின்னால் உட்கார்ந்து, சிக்குப் பிடித்துக் கிடந்த தலையைக் கோதிவிட்டாள்.

"நல்லாத்தானே இருந்தாரு. ஏம்மா திடீர்னு மறுபடி குடிச்சாரு?"

 நுரை நின்றால் ஒரு கிளாஸ் என்று அவன் சொல்லியிருந்ததை இப்போது சொன்னால் இந்தப் பெண் ஆயுசுக்கும் அந்தக் கிளாஸைக் கழுவிக்கொண்டே இருப்பாள் என்று ராஜகுமாரிக்குத் தெரிந்தது.

"தல இப்டி வறண்டு கெடக்கே. எண்ணெ எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம்மா" என்றாள் ராஜகுமாரி. "இனிமே எதுக்கு?"