ஏழு பேருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்

அம்மாவின் இந்த நினைவு மலரின் முன் பக்கங்களில் தேவாரங்களும் கடைசிப் பக்கத்தில் எங்கள் வம்சாவளியும் இருக்கின்றன. இடையில் அம்மாவைப் பற்றி எழுதும் பொறுப்பைத் தம்பி என்னிடம் தந்துவிட்டான். "அக்கா, நீங்கள் எழுதினா அம்மா ஏசமாட்டா" என்றான். அம்மா ஏசியிருப்பார். "என்னைப் பற்றி எழுத என்ன கிடக்கு, வந்த சனத்துக்குச் சாப்பாட்டைக் குடு" என்று சொல்லியிருப்பார். சாப்பாடு இருக்கிறது அம்மா. ஆனால் எழுதவும் கொஞ்சம் இருக்கிறது.

அம்மா யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டம் செய்த குடும்பத்தில், நான்கு அண்ணன்மாருக்குப் பின் ஒரே பெண்ணாகப் பிறந்தார். செம்பாட்டு மண்ணில் வெங்காயம் நட்ட கை அவருடையது. அந்தக் கையின் உறுதியை அவரிடம் குட்டு வாங்கிய நாங்கள் எல்லோரும் அறிவோம். தபாற்கந்தோரில் வேலை செய்த அப்பாவைத் திருமணம் செய்து மூன்று பிள்ளைகளைப் பெற்றார். அண்ணா, அடுத்து நான், கடைசியாகத் தம்பி.

அண்ணாவைப் பற்றிச் சொல்லாமல் அம்மாவின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு எந்தச் சாமானும் வராத நாட்கள் அவை. அண்ணா பல்கலைக்கழகம் போவதற்கான ஏ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு என்றால் உயிர். கேட்டுக்கொண்டே இருப்பார். அம்மாவிடம் எண்ணெய் இல்லை. "எண்ணெய் வரட்டும் ராசா, வந்த உடனே செய்து தாறன்" என்று சொன்னார். அந்த வாரமே எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு மேல் குண்டு போடும் பொம்பர் விமானம் வந்தது. நானும் தம்பியும் அம்மாவோடு பங்கர் குழிக்குள் இருந்தோம். அண்ணா ரியூஷன் வகுப்பிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். அவரைப் பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். அம்மா திறக்கச் சொல்லிக் கத்தியதும் மாமாமார் மறுத்ததும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

கொழும்பு வழியாக லண்டனுக்கு வந்தோம். மோர்டனில் ஒரே அறையில் நால்வரும் இருந்தோம், பிறகு தோர்ண்டன் ஹீத்தில் வீடு வாங்கினோம். அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்தார். அம்மா ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை செய்து, ஆங்கிலப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துக் கொடுத்து எங்களைப் படிப்பித்தார். உப்பில்லாத அந்தக் கிழங்கைப் பற்றி அவர் சொன்ன கருத்துகளை இங்கே எழுத முடியாது. அண்ணாவின் நினைவு நாளில் ஒவ்வொரு வருடமும் இலை போட்டுப் படைப்பார். சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை, பாயசம் எல்லாம் இருக்கும். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு மட்டும் இருக்காது. அதை அவர் அதற்குப் பிறகு சமைக்கவே இல்லை. வேறு வீட்டில் யாராவது பரிமாறினாலும் இலையை மூடிவிடுவார். விமானம் தாழப் பறக்கும் சத்தம் கேட்டால், சிங்கில் கழுவிக்கொண்டிருந்த பாத்திரம் கையில் அப்படியே நிற்கும்.

அப்பா காலமான பிறகு வீட்டுக்குள் முடங்கிவிடுவாரோ என்று பயந்து, கவுன்சில் வாடகைக்குக் கொடுக்கும் தோட்டத் துண்டு ஒன்றைத் தம்பி எடுத்துக் கொடுத்தான். அம்மா மறுபடியும் உரும்பிராய்க்காரியாகிவிட்டார். லீக்ஸ், பூசணி, வெந்தயக்கீரை என்று போட்டார். பக்கத்துத் துண்டில் ஜோர்ஜ் என்ற வயதான ஆங்கிலேயர் உருளைக்கிழங்கு போட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனாலும் நத்தையைத் திட்டுவதில் இருவரும் ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பதினொரு மணிக்கு ஜோர்ஜ் இஞ்சி பிஸ்கட் கொண்டுவருவார், அம்மா பிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டுபோவார். வெள்ளைக்காரரின் சாப்பாடு எதுவும் வாயில் வைக்கக் கூடாது என்ற கொள்கையில் அந்த பிஸ்கட்டுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

ஒருநாள் பூசணிக்குக் குழி வெட்டும்போது வளைந்த ஒரு தகரத் துண்டு மண்வெட்டியில் பட்டது. ஜோர்ஜ் அதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் அன்று அங்கே இருந்ததால் அவர் சொன்னதை அம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தத் தோட்டம் வெறும் வயலாக இருந்தது. ஜெர்மனியில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பிய ஆங்கிலேயரின் பொம்பர் ஒன்று, எஞ்சின் எரிய எரிய வந்து, இங்கேதான் விழுந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் இறந்தார்கள். வீடுகளின் மேல் விழுந்துவிடாமல் விமானி அதை வயலுக்குத் திருப்பினார் என்று ஊரில் சொல்வார்கள்.

அம்மா அந்தத் தகரத்தைக் கீழே போட்டார். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார். பிறகு என்னிடம், "போன இடத்தில எத்தினை வீட்டுக்கு மேல போட்டிட்டு வந்தவங்கள் எண்டு அவரிட்டைக் கேள்" என்றார்.

நான் கேட்டேன். ஜோர்ஜ் தகரத்தை எடுத்து மண்ணைத் துடைத்தார். பிறகு, நிறைய வீடுகளாகத்தான் இருக்கும் என்றார்.

இறந்தவர்களின் உறவினர்கள் அந்த இடத்தில் ஒரு சிறு நினைவுக்கல் வைக்க நெடுநாளாக விரும்பியிருக்கிறார்கள். தகரம் கிடைத்த செய்தி போனதும் கேட்டு வந்துவிட்டார்கள். அந்த இடம் அம்மாவின் தோட்டத் துண்டுக்குள் இருந்ததால் அம்மாவின் சம்மதம் இல்லாமல் வைக்க முடியாது. அம்மா ஒரே சொல்லில் ஏலாது என்றார். "என்ரை பிள்ளையைக் கொன்றது பொம்பர். பொம்பர்காரனுக்கு என்ரை தோட்டத்தில கல்லோ?" ஜோர்ஜுக்கு மனம் நொந்துவிட்டது. பிஸ்கட் வந்தது, பேச்சு மட்டும் குறைந்தது. நான் அம்மாவின் பக்கம்தான் நின்றேன். எனக்கும் அந்தக் கல் வேண்டாம்.

கடைசியில் ஒரு மூதாட்டி தானே நேரில் வந்தார். பெயர் மார்கரெட். வயது எண்பதைத் தாண்டியிருந்தது, ஊன்றுகோலோடு மூன்று ரயில் மாறி வந்திருந்தார். விழுந்த விமானத்தின் வால் பக்கத்தில் துப்பாக்கியோடு இருந்தவர் அவருடைய அண்ணா. அம்மா கோபக்காரிதான், ஆனால் வயதானவரை நிற்கவைத்துப் பேசமாட்டார். தோட்டத்துக் கொட்டிலுக்குள் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன்.

மார்கரெட் கல்லைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் மகனைப் பற்றி ஜோர்ஜ் சொன்னார், அதனால்தான் வந்தேன் என்றார். தன் அண்ணா குண்டு போட்டவர்களில் ஒருவர்தான், அதை மறைக்க வரவில்லை என்றார். வால் பக்கத்தில் இருப்பவர் பின்னால் பார்த்தபடியே இருக்க வேண்டும். குண்டு போட்டுவிட்டு வந்த ஊர் எரிவதை வீடு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு வருபவர் அவர்தான். கடைசி லீவில் வந்தபோது அண்ணா யாரோடும் அதிகம் பேசவில்லை என்றும், அப்போது தான் சின்னப் பிள்ளை என்றும் சொன்னார். இறந்த பிறகு அண்ணாவின் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள் என்றார்.

இதில் பெட்டி என்ற சொல்லை மட்டும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மிச்சத்தை அம்மா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"எங்களுக்கும் அப்பிடித்தான் எண்டு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணீர் ஊற்றினார். மார்கரெட்டின் அண்ணா விமானத்துக்குள் இருந்தார், என் அண்ணா வேறொரு விமானத்துக்குக் கீழே இருந்தார். எனக்கு மார்கரெட்டின் அண்ணா மீது இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்போது அம்மா ஒரு கேள்வி கேட்டார். "தமையனுக்குச் சாப்பாட்டில என்ன விருப்பம் எண்டு கேள்."

எங்களுக்கு இது சாதாரணக் கேள்வி. இறந்தவருக்குப் படைக்க வேண்டும் என்றால் அவருக்குப் பிடித்தது எது என்று தெரிந்திருக்க வேண்டும். மார்கரெட் என்னை மறுபடியும் கேட்கவைத்தார். விமானத்தைப் பற்றிக் கேட்டார்கள், பதவியைப் பற்றிக் கேட்டார்கள், இதை யாரும் கேட்டதில்லை என்றார். பிறகு சொன்னார்: வாழைப்பழம். அண்ணாவுக்கு அதில் அப்படி ஒரு ஆசை. ஆனால் போர்க்காலத்தில் இங்கிலாந்துக்கு வாழைப்பழக் கப்பல் வரவில்லை. கடைசி லீவிலும் விளையாட்டாகக் கேட்டார். சண்டை முடியட்டும், வாங்கித் தருகிறேன் என்று அவர்களுடைய அம்மா சொன்னார். சண்டை முடிந்து கப்பல் வந்தபோது தெருப் பிள்ளைகள் எல்லோரும் கடைக்கு ஓடினார்கள். மார்கரெட் போகவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை வாழைப்பழம் சாப்பிட்டதில்லை.

நான் இதைச் சொல்லி முடித்ததும் அம்மா எழுந்து கொட்டிலுக்கு வெளியே போய்விட்டார். பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது, "கல்லைக் கொண்டுவந்து வைக்கட்டும். பூசணியைத் தள்ளிப் போடுறன்" என்றார்.

கார்த்திகையில் கல்லுக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் சிவப்புக் காகிதப் பூக் குத்தியிருந்தார்கள். ஏழு பெயரும் வாசித்து, மௌனமாக நின்று, மலர்வளையம் வைத்தார்கள். முடிந்தது என்று நினைத்த நேரத்தில் அம்மா, கம்பளிக் கோட்டுக்குக் கீழே சேலை தெரிய, தட்டத்தோடு முன்னால் போனார். தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில் வாங்கிய ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் அதில் இருந்தது. மற்ற ஆறு பேருக்கும் என்ன பிடிக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை என்பது அவருக்குப் பெரிய குறை. "பசிச்ச பொடியள்தானே, வாழைப்பழத்தை வேண்டாமெண்டு சொல்லமாட்டாங்கள்" என்று தானே தீர்த்துவிட்டார். கல்லடியில் வைத்து, கற்பூரம் கொளுத்தி, கும்பிட்டார். தோட்டச் சங்கத்துச் செயலாளர் நெருப்பைப் பார்த்துக் கொஞ்சம் பதறினார், ஜோர்ஜ் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார்.

படைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் போகும் வழக்கம் அம்மாவுக்குத் தெரியாது. நரிக்கு வைக்கவோ என்று கேட்டு, வந்திருந்தவர்களுக்கு எல்லாம் ஆளுக்கொன்று பிய்த்துக் கொடுத்தார். மார்கரெட் பழத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு உரித்துச் சாப்பிட்டார். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார். அம்மா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு, அவருக்கு விளங்காத தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த அண்ணாவின் நினைவு நாளில் நான் அம்மா வீட்டுக் கதவைத் திறந்தபோது கத்தரிக்காய் பொரியும் வாசம் வந்தது. அத்தனை வருடங்களுக்குப் பிறகு அந்த வாசம். நான் குசினி வாசலில் நின்றுவிட்டேன். அம்மா திரும்பிப் பார்க்காமல், "இப்ப எண்ணெய்க்கு என்ன குறை" என்றார். குழம்பை அண்ணாவின் இலையில் வைத்துவிட்டு நாங்கள் மூவரும் பக்கத்தில் இருந்து சாப்பிட்டோம்.

அம்மாவின் கடைசி மாதங்கள் கடினமாக இருந்தன. சிறுநீரகம் பழுதடைந்து, வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி என்றாகிவிட்டது. தோட்டத்துக்குப் போக முடியாததுதான் அவருக்குப் பெரிய துன்பம். பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் கீரைக்குத் தண்ணீர் ஊற்றினார்களா என்றே கேட்டார். ஒரு காலை நேரத்தில் தம்பியின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்ணை மூடினார்.

அம்மாவைத் தங்கள் தாயைப் போலப் பார்த்த தாதியருக்கும், ஆஸ்பத்திரிக்கு மாறி மாறிக் காரில் கொண்டுபோன அயலவர்களுக்கும், சமைத்த சட்டியோடு வந்து கேட்காமலே வீட்டைத் துப்புரவாக்கிய பெண்களுக்கும், ஊரிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் தொலைபேசியில் எங்களோடு சேர்ந்து அழுத உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவின் கீரைக்கு இன்றும் தண்ணீர் ஊற்றிவரும் ஜோர்ஜுக்கும் நன்றி.

அம்மா இறந்து எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவுக்கு முந்தின நாள் மார்கரெட் தொலைபேசியில் அழைத்தார். துக்கம் விசாரித்துவிட்டு, "உங்கள் அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். மறுநாள் தொண்ணூறு வயதில், டாக்ஸி பிடித்து, இஞ்சி பிஸ்கட்டோடு வந்து இறங்கினார். தம்பி, அம்மாவுக்குப் படைத்த இலையில் இருந்த மீன் பொரியலைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, வடைக்குப் பக்கத்தில் அதற்கு இடம் வைத்தான்.

இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வருவதாக அவர் சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் ஊன்றுகோலோடு இருப்பவர் அவர்தான். இன்றைய சாப்பாட்டில் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு உண்டு, எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். பரிமாறும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். மார்கரெட் அன்ரியின் இலையில், அவருக்கு ஒன்று, அவருடைய அண்ணாவுக்கு ஒன்று என்று வாழைப்பழம் இரண்டு வையுங்கள்.