ஒருவரும் அரியர் வைக்காத செமஸ்டர்

என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் தொடங்கி எம்.இ. பட்டம் வரை எல்லா ஒரிஜினலும் பெரம்பலூரில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் ஆபீஸ் பீரோவுக்குள் கிடந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று சரிபார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கினார்கள். வாங்கியதோடு சரி. அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், வைத்துக்கொண்டவர்கள் உட்பட. "புகார் குடுத்தா ஒரே வாரத்துல கெடைக்கும்மா" என்றார் என்னோடு வேலை பார்த்த ஒரு சீனியர். உடனே அவரே, "ஆனா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கெடைக்காது" என்று முடித்தும் வைத்தார். அவருடைய சான்றிதழ்களும் அதே பீரோவில்தான் இருந்தன.

என் கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை. மகளை அங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. எனக்கும் அங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சேருகிற அன்று ஒரிஜினலைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான்கைந்து வாரத்தில் நானும் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் பிள்ளையை அனுப்பினேன். அதன் பிறகு நான் அரியலூரில் மாமியார் வீட்டிலும், அவர்கள் கோயம்புத்தூரிலும், என் படிப்பு பெரம்பலூர் பீரோவிலுமாக மூன்று ஊரில் ஒரு குடும்பம் நடந்தது.

ஆபீஸ் மேனேஜர் மிகவும் மரியாதையான மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கத்தினால் நானும் கத்தலாம். அவர் நாற்காலி போடச் சொல்வார், டீ வரவழைப்பார், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று விசாரிப்பார். "தரமாட்டேன்" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"பாத்துக்கலாம் மேடம். ஃபர்ஸ்ட் இயருக்குப் பைத்தான் புரோகிராமிங் எடுக்க ஆள் இல்ல. இந்த ஒரு செமஸ்டர் மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. உங்க பேப்பர்ல ஒருத்தர்கூட அரியர் வைக்காம பாத்துக்குங்க, நானே சேர்மன்கிட்ட பேசி எடுத்துத் தர்றேன்."

கோயம்புத்தூர் கம்பெனி ரிசல்ட் வரும்வரை காத்திருக்கச் சம்மதித்தது. வேறு வழி இல்லை. தினமும் காலையில் அரியலூரில் பஸ் ஏறுவேன். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று முன்னால் போனால் போதும், டிரைவர் எத்தனை ஹாரன் அடித்தாலும் அது நகருகிற வேகத்தில்தான் நாங்களும் நகர வேண்டும். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் தூசி. எனக்கு வருகிற கோபத்தில் பாதி அந்தச் சாலையிலேயே தீர்ந்துவிடும். மீதியை லேபுக்கு எடுத்துப் போவேன்.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஆரம்பத்தில் பிரியமெல்லாம் கிடையாது. அவர்களில் ஒருவர் ஃபெயிலானாலும் என் மகளிடம் நான் போய்ச் சேர முடியாது என்ற கணக்குத்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களை என் காலில் கட்டிய கற்களாகத்தான் பார்த்தேன். பெரும்பாலும் தமிழ் மீடியம். தா.பழூர், வரதராஜன்பேட்டை, லெப்பைக்குடிக்காடு என்று சுற்றுவட்டாரமெல்லாம் அங்கே இருந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் போனில் டைப் செய்து பழகி வருவார்கள். போன் தானாகவே முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிடும். பிரிண்ட் என்ற சொல் அப்படிப் பெரிய எழுத்தில் தொடங்கினால் பைத்தானுக்கு அது யாரென்றே தெரியாது. பிள்ளைகளுக்கோ இரண்டும் ஒன்றுதான். "அதே ஸ்பெல்லிங்தானே மேம்?" என்று நியாயம் கேட்பார்கள்.

முதல் நாள் லேபில் ஒரு சின்ன புரோகிராம் கொடுத்துவிட்டு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தேன். பாதி வகுப்பு எழுந்து நின்றுகொண்டிருந்தது. யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று நினைத்து நானும் எழுந்து வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஏன் நிக்கிறீங்க?"

முன்வரிசையில் நின்ற, தா.பழூரிலிருந்து வரும் ஒரு பெண் கைகட்டிக்கொண்டு சொன்னாள்: "எரர் வந்துருச்சு மேம்."

பள்ளியில் பதில் தெரியாதவர் எழுந்து நிற்க வேண்டும், ஆசிரியர் உட்காரச் சொல்லும்வரை நிற்க வேண்டும். பன்னிரண்டு வருடப் பழக்கம். திரையில் சிவப்பு எழுத்து வந்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. சிலர் நின்றபடியே ஒரு கையால் திரையை மறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மானிட்டரையே அணைத்துவிட்டாள். தவறு எங்கே என்று அந்தச் சிவப்பு எழுத்துகள்தான் சொல்லும். நின்றுகொண்டு, திரையை மறைத்துக்கொண்டு அதை எப்படிப் படிப்பது?

"உக்காருங்க" என்று கத்தினேன். உட்கார்ந்தார்கள். மறுபடி ஓட்டினார்கள், மறுபடி எரர், மறுபடி எழுந்தார்கள். அடுத்த வாரமும் இதே கதை. தா.பழூர்ப் பெண்தான் இதில் முதல் ஆள். அவள் புரோகிராம்களைச் செய்யுள் மாதிரி மனப்பாடம் செய்து வருவாள். கரண்ட் பில் போடும் புரோகிராமைச் சொல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு, "இஃப் யூனிட்ஸ்... கோலன்... அடுத்த வரி, நாலு ஸ்பேஸ்..." என்று இடைவெளி உட்பட ஒப்பிப்பாள். டைப் அடிக்கும்போது நடுவில் ஒரு எழுத்து விட்டுப் போனால் எழுந்து கைகட்டிக்கொள்வாள். அப்புறம் நான் போய்த்தான் மீட்க வேண்டும்.

ஒரு நாள் லாரிக்குப் பின்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் சிக்கி, தலைவலியோடு லேபுக்குள் நுழைந்தேன். பாதிப் பேர் நின்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "இனிமே எரர் வந்தவங்க யாரும் எந்திரிக்கக் கூடாது. அவுட்புட் கரெக்டா வந்தவங்க மட்டும் எந்திரிங்க!" என்று கத்திவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நின்றவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசையில் ஒரு பெண் வெட்கத்தோடு எழுந்தாள். வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது.

அன்றிலிருந்து லேபின் நிறம் மாறியது. உட்கார்ந்தவர்களுக்குச் சிவப்பு எழுத்தைப் பார்க்காமல் வேறு வழியில்லை. "கீழயிருந்து படிங்க. கடைசி வரியிலதான் விஷயம் இருக்கும். மேல இருக்குறதெல்லாம் எந்த வழியா வந்தோம்னு சொல்ற கதை" என்றேன். அர்த்தம் தெரியாத சொல்லைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டார்கள். எனக்கும் ஓரிடத்தில் நின்று மூச்சுவிட நேரம் கிடைத்தது. ஆனாலும் மாலையில் வீடியோ காலில் மகள், "உன் ஸ்டூடண்ட்ஸ்லாம் படிச்சிட்டாங்களாம்மா?" என்று கேட்கும்போது, தா.பழூர்ப் பெண்ணின் முகம்தான் முதலில் வந்து பயமுறுத்தும். அவள் மனப்பாடத்தை விட்டிருந்தாள். ஆனால் புரிதல் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

பிராக்டிகல் தேர்வு வந்தது. வேறு கல்லூரியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்குத் திருச்சி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். பிள்ளைகள் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு கேள்வி எடுத்தார்கள். நடுவில் ஏதோ கையெழுத்துக்கென்று என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டுத் திரும்பி வந்தால் வகுப்பு மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர்கூட நிற்கவில்லை. எங்கள் வழக்கப்படி ஒருவருக்கும் அவுட்புட் வரவில்லை என்று அர்த்தம்.

எக்ஸாமினர் இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். "பாவம் மேடம், பாதிப் பேருக்கு வரல. எந்திரிச்சு நின்னுட்டாங்க. நான்தான் வேற கேள்வி மாத்திக் குடுத்திருக்கேன். பத்து மார்க் கழிச்சுக்கலாம்."

பக்கத்துத் திரைகளை எட்டிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது. சரியாகச் செய்து முடித்து எழுந்து நின்ற அத்தனை பேருக்கும் அவர் இரண்டாவது கேள்வியைக் கொடுத்திருக்கிறார். அவர்களும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அருகில் இருந்த பெண்ணிடம், "முடிச்சிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று பல்லைக் கடித்தேன்.

"சார் குடுத்தாரு மேம். வேணாம்னு எப்படிச் சொல்றது?"

இந்த மரியாதையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் எக்ஸாமினர் முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தவர்களின் பேப்பரில் மதிப்பெண் போட ஆரம்பித்திருந்தார். தா.பழூர்ப் பெண்ணிடம் போய், "நீ முடிச்சாச்சுல்ல, கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பும்மா" என்றார்.

அவள் எழாமல், திரையிலிருந்து கண்ணையும் எடுக்காமல் சொன்னாள்: "எனக்கு இன்னும் வரல சார். வந்தாத்தான் எந்திரிப்பேன்."

எக்ஸாமினர் என்னைப் பார்த்தார். எங்கள் லேபின் தலைகீழ் வழக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. மனிதர் கோபப்படுவார் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். கொடுத்த சீட்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி, முதல் கேள்விக்கே ஒவ்வொரு திரையாகப் பார்த்து மதிப்பெண் போட்டார். திருச்சி பஸ் போனால் போகட்டும் என்று அவரே சொன்னார்.

அவளுக்கு வந்திருந்தது அதே கரண்ட் பில் கேள்விதான். விசைப்பலகையில் எண்ணை அடித்தாலும் பைத்தான் அதை எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும், எண்ணாக மாற்றச் சொன்னால்தான் மாற்றும். அந்த ஒரு சொல்லை அவள் விட்டிருந்தாள். பின்னால் நின்ற எனக்கு அது தெரிந்தது. சொல்லக் கூடாது. அவள் விரலைத் திரையின் கடைசி வரியில் வைத்து ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்துப் படித்தாள். மேலே போனாள், கீழே வந்தாள். கண்ணை மூடி ஒப்பித்துப் பார்க்கவில்லை. எண்ணாக மாற்றும் சொல்லைச் சேர்த்து ஓட்டினாள். பில் வந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழும் வேகத்தில் எழுந்து நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சில நிமிடங்கள் பீரோவையும் கோயம்புத்தூரையும் நான் நினைக்கவே இல்லை.

எழுத்துத் தேர்வும் முடிந்து ரிசல்ட் வந்தது. என் பேப்பரில் ஒருவர்கூட அரியர் இல்லை. கல்லூரியில் வேறு எந்தப் பேப்பருக்கும் அப்படி வரவில்லை. பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு, கணவருக்கு "வந்துடுச்சுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை அனுப்பிவிட்டு நேரே ஆபீஸுக்குப் போனேன். பீரோ சாவி மேனேஜர் மேசை மேலேயே கிடந்தது.

"வாங்க மேடம், உக்காருங்க. ஸ்வீட் எடுத்துக்குங்க" என்று டப்பாவை நீட்டினார். "சேர்மன் காலையிலேர்ந்து உங்களப் பத்தித்தான் பேசிட்டு இருக்காரு."

"சந்தோஷம் சார். சர்டிபிகேட்..."

"அதத்தான் சொல்ல வரேன். இப்படி ரிசல்ட் குடுக்குற ஆள யாரு மேடம் விடுவா? அட்மிஷன் டயம் வேற. இன்னும் ஒரு வருஷம், ஒரே வருஷம். பாப்பாவ இங்கயே கூட்டியாந்துடுங்க. நம்ம ஸ்கூல்லயே சேத்துக்கலாம், பஸ்ஸும் நம்ம பஸ்ஸு."

"நீங்க சொன்னீங்களே சார், ஒருத்தர்கூட அரியர் வைக்கலைன்னா எடுத்துத் தரேன்னு."

"சொன்னேன் மேடம். இல்லைங்கல. ஆனா நீங்க இவ்ளோ நல்லா பண்ணுவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் என்னைக் கொன்றது. நாலு பேர் ஃபெயிலாகியிருந்தால் திட்டிவிட்டுக் கொடுத்திருப்பாரோ என்னவோ. கையில் மைசூர்பாகோடு வெளியே வந்தேன். தின்னவும் முடியவில்லை, போடவும் மனம் வரவில்லை. வராந்தாவில் தா.பழூர்ப் பெண் நின்றிருந்தாள். அவள் கையில் கொடுத்தேன். "மேம், அடுத்த வருஷமும் நீங்கதானே?" என்று கேட்டாள். ஆசையாகத்தான் கேட்டாள். அவள் மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை.

அடுத்த வாரம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கல்லூரியின் அட்மிஷன் ஃப்ளெக்ஸ் ஏறியது. நடுவில் என் படம். வேலைக்குச் சேரும்போது கொடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்து, ஒரு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். பைத்தானில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று மஞ்சள் எழுத்து. அரியலூர் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே. தினமும் அதன் கீழேதான் நான் காத்திருக்க வேண்டும். பயணிகள் படத்தைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், மறுபடி படத்தைப் பார்ப்பார்கள்.

சொந்தக்காரர் யாரோ அதைப் போட்டோ எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் என்று மேனேஜர் சொன்னதைக் கணவரிடம் சொல்லியிருந்தேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. அன்று மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போதே போன் வந்தது. திரை நிறைய அவள் முகம்.

"அம்மா, நீ பாஸாயிட்டியா? அப்பா போட்டோ காமிச்சாரு. எங்க மிஸ்ஸுகிட்டகூடச் சொல்லிட்டேன், எங்கம்மா ஃபர்ஸ்ட்டுன்னு."

"ஆமாண்டா தங்கம்."

"அப்ப உன் ஸ்கூல் முடிஞ்சிருச்சில்ல? எப்பம்மா வர்ற?"

பின்னால் கணவர் அவளை மெல்லக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அரியலூர் பஸ் வந்து நின்றது. எல்லோரும் ஏறினார்கள். நான் போனைப் பிடித்துக்கொண்டு என் படத்தின் கீழேயே நின்றேன்.