ராசாத்தாளின் காலி ஹிஸ்டரி

பல்லடம் ரோட்டிலுள்ள ஒரு நூற்பாலையில் கணினிகளை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்பவர் ராசாத்தாள். இந்தப் பெயருக்குத் தோட்டமும் எருமையும்தான் பொருத்தம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். மில்லின் லினக்ஸ் சர்வர் நின்றுபோனால் முதலாளி வீட்டிலிருந்து போன் இவருக்குத்தான் வரும்.

ஒரு திங்கட்கிழமை முதலாளி மகன் யஷ்வந்த் கூப்பிட்டு விட்டார். சர்வரில் யார் எந்தக் கட்டளையை அடித்தாலும் அது அவரவர் பெயரில் பதிவாகும். அதை ஹிஸ்டரி என்பார்கள். தணிக்கைக்கு வந்தவர் அதைத் திறந்து பார்த்திருக்கிறார். பக்கத்து மேஜை மனோஜ்குமார் பெயரில் இரண்டாயிரம் வரி இருந்தது. ராசாத்தாள் பெயரில், புது சர்வர் வந்த மூன்று மாதத்தில், ஒரு வரிகூட இல்லை. ஒன்று, அவர் வேலையே செய்யவில்லை. இல்லையென்றால் செய்ததை அழித்திருக்கிறார்.

ஐந்து மணிக்குள் காரணம் தெரியாவிட்டால் சர்வர் பாஸ்வேர்டை மனோஜிடம் கொடுத்துவிடும்படி அப்பா சொல்லியிருப்பதாக யஷ்வந்த் தயங்கித் தயங்கிச் சொன்னார். மரியாதையில் ஒரு 'ங்க' குறையவில்லை. ராசாத்தாளுக்கு அதுதான் கூடுதலாக வலித்தது.

மேஜைக்கு வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். அமைப்புக் கோப்பில், ஹிஸ்டரி எத்தனை வரி கொள்ளும் என்ற அளவு சரி. ஹிஸ்டரி கோப்பில் எழுத அனுமதி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் இடமும் தாராளம். கீபோர்டில் மேல் அம்புக்குறியை அழுத்திப் பழைய கட்டளையை எடுக்கும் பழக்கமிருந்தால் ஹிஸ்டரி காலியென்று என்றைக்கோ தெரிந்திருக்கும். அவருக்கு ஒவ்வொரு முறையும் முழுசாக அடித்தால்தான் திருப்தி.

நாலு மணிக்கு மனோஜைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, தன் பெயரிலேயே தேதி கேட்கும் கட்டளையை அடிக்கச் சொன்னார். பதிவானது. தானே வேறொரு கட்டளையை அடித்தார். பதிவாகவில்லை. இன்னொன்றை அடித்தார். இல்லை. இயந்திரமும் தன்னைக் கைவிட்டதென்று அழுகையே வந்துவிட்டது.

மனோஜ் அவருடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏனுங்கக்கா, முன்னால எதுக்குங்க ஒரு ஸ்பேஸ் தட்டறீங்க?"

தாளில் எதை எழுதினாலும் ராசாத்தாள் முதலில் பிள்ளையார் சுழி போடுவார். கட்டளைக்கு முன்னால் சுழி போட்டால் கணினி ஒப்புக்கொள்ளாது. அதனால் அது இருக்கவேண்டிய இடத்தைக் காலியாக விடுவார். முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

அமைப்புக் கோப்பை மறுபடி திறந்தார்கள். அடுத்தடுத்து ஒரே கட்டளை வந்தால் பதியாதிருக்கத்தானே என்று காலையில் அவர் தாண்டிப்போன வரிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இடம் விட்டுத் தொடங்கும் கட்டளைகளை அது பதிவே செய்யாது. பழைய சர்வரில் அந்த வரி கிடையாது.

அதைத் திருத்திவிட்டு, வெளியேறி மீண்டும் உள்ளே வந்து தேதி கேட்டார். பதிவானது. ஐந்து மணிக்கு யஷ்வந்த் வந்து பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், சிரிக்காமலிருக்கச் சிரமப்பட்டார். இனி அந்த ஸ்பேஸை விட்டுவிடலாமே என்றார்.

"அந்த வரிய மாத்திப்போட்டனுங்க தம்பி. புள்ளையார மாத்தறதுக்கில்லீங்க."

பாஸ்வேர்டு அவரிடமே இருக்கிறது. ஹிஸ்டரியில் இப்போது ராசாத்தாள் பெயரில் அறுநூறு வரிகள், எல்லாம் ஓர் இடம் தள்ளித்தான் தொடங்குகின்றன.