பாகூர் வாசகர் கேட்ட கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் சலூனில் வாரப் பத்திரிகையை உரக்கப் படிப்பது என் வேலை. யாரும் எனக்கு அதைக் கொடுக்கவில்லை. அங்கே கூடுகிறவர்களில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தானாக வந்து சேர்ந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பாகூருக்குப் பக்கத்திலேயே ஆரம்பப் பள்ளி வாத்தியாராகவும் ஆகியிருந்தேன். கரும்பு வெட்டப் போகிற கொல்லைகளில் எல்லாம் அப்பா இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சலூனில் தொடர்கதைக்கு அவ்வளவு மதிப்பில்லை. எல்லாரும் காத்திருப்பது டாக்டர் பக்கத்துக்கு. ஆட்கள் வெளியே கேட்கக் கூசுகிற கேள்விகளைக் கடிதமாக எழுதிப் போடுவார்கள், எழுதியவர் பெயரைப் போடாமல் ஒரு டாக்டர் பதில் சொல்வார். முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவர்கூட அதைக் கேட்டுக் குலுங்கிச் சிரிப்பார். கத்தி வைத்திருப்பவர், "ஆடாம இரு, காது போயிடும்" என்பார்.

அது ஒரு பங்குனி மாதம். இரண்டாவது கேள்வியின் முதல் வரியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. அது நான் எழுதிய கடிதம்.

தை மாதத்தில் எழுதிப் போட்டது. அதற்கும் ஆறு மாதம் முன்பிருந்தே எனக்கு ஒரு தொல்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன்; காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல் மரத்துப்போகும், மூச்சு பாதியில் நிற்கும். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடியே, இந்த நிமிஷம் எனக்குப் புத்தி பேதலிக்கப் போகிறது என்று நினைப்பேன். பிறகு அது போய்விடும். ஆனால் மறுபடி வருமே என்கிற பயம் போகாது. தூக்கம் போயிற்று. அம்மா, அதிகம் படித்ததால் மூளை சூடாகிவிட்டது என்று தலையில் எண்ணெய் வைத்தாள். எங்கள் பக்கத்தில் மனசு சரியில்லாதவனுக்கு அப்போது இரண்டே வழிதான் தெரியும்: மந்திரிப்பது, அடங்காவிட்டால் கட்டிப்போடுவது. இதற்கு நடுவில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். கட்டிக்கொள்ள வருகிறவளிடம் இதைச் சொல்வதா, மறைப்பதா? கேட்க ஆள் இல்லாமல்தான் டாக்டருக்கு எழுதினேன்.

வாத்தியார் என்று எழுத வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானம்தான் என்னோடு ஐந்தாவது வரை படித்த நண்பன் வந்து, தனக்கு வில்லியனூரில் நிச்சயமாகிவிட்டது, வைகாசியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவன் புதுச்சேரி மில்லில் தறி ஓட்டுகிறவன். அடையாளம் மறைக்க வேறொன்றும் தோன்றாமல், கை போன போக்கில் எழுதிவிட்டேன்: "எனக்கு வயது இருபத்தாறு. மில் தொழிலாளி. வைகாசியில் திருமணம் நிச்சயமாகியுள்ளது."

அதைத்தான் இப்போது உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினால் தெரிந்துவிடும் என்று கடகடவென்று ஓட்டினேன். நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற அச்சம், பெண்ணிடம் சொல்லலாமா என்ற கேள்வி. டாக்டரின் பதிலும் நல்ல பதில்தான். இது பைத்தியம் இல்லை, பலருக்கு வருவது, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மனநல மருத்துவரைப் பாருங்கள், பெண்ணிடம் சொல்லுங்கள். முடித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் கையைப் பிடித்தார்.

"இரு வாத்தியாரே. கீழ இன்னாமோ பாகூர்னு போட்டாப்ல இருக்குதே?"

பெயரை எடுத்துவிட்ட பத்திரிகைக்காரர்கள் ஊரை எடுக்க மறந்துவிட்டார்கள்.

"மில்லு வேல, வைகாசில கல்யாணம்," என்றார் சலூன்காரர், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "நம்ம ஊர்ல வேற யாரு?"

அவர்கள் சொல்வது என் நண்பனை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானாக வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் வேலை இருப்பதாகக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

முதல் வாரம் அவன் அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டான். "இன்னா மாப்ள, ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டவர்களுக்கு, "நைட் ஷிப்டுல எவன் தூங்குவான்?" என்று பதில் சொன்னான். இரண்டாவது வாரம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். முகம் கறுத்திருந்தது.

"பொண்ணோட மாமன் ஆள் அனுப்பிச்சிட்டாரு. வைகாசி வேணாம், அப்பால பாத்துக்கலாமாம். அப்பாலன்னா இன்னாடா அர்த்தம்?"

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

"சனிக்கிழம எங்கூட வில்லியனூருக்கு வா. நீ படிச்சவன், நீ சொன்னா நம்புவாங்க. என்னப் பத்தி உனக்குத் தெரியும் இல்ல?"

சரி என்றேன். சனிக்கிழமை இருவரும் சைக்கிளில் போனோம். கரிக்கலாம்பாக்கம் தாண்டும் வரை அவன் அந்தப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அவன் ஒரு பெண்ணைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. நிச்சயத்தன்று பந்தியில் அவள் பரிமாறியதையே நாலு விதமாகச் சொன்னான். பிறகு, "எந்த நாயி எழுதிச்சோ, கையில கெடச்சா ஏம்பலம் ஏரியில அமுக்கிடுவேன்," என்றான்.

ஏம்பலத்துக்கு முன்னால் நான் பிரேக்கைப் பிடித்து இறங்கினேன்.

"நான்தான்டா எழுதினேன்."

அவன் கொஞ்ச தூரம் போய், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தான். "இன்னா சொன்ன?"

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கரும்பலகை, மூச்சு, தூக்கம், அவன் வந்துபோன அந்த மத்தியானம். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் பெல்லைத் தடவிக்கொண்டிருந்தேன். அவன் என் சட்டையைப் பிடித்தான். அடிக்கப் போகிறான் என்று நின்றேன். அடிக்கவில்லை.

"ஆறு மாசமாவா?" என்றான்.

"அதுக்கும் மேல."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா? முன்னப் பின்ன தெரியாத டாக்டருக்கு ஸ்டாம்பு ஒட்டி எழுதுவ." சட்டையை விட்டான். "சரி, ஏறு. அங்க வந்து இதே மாரி சொல்லு. ஒரு வார்த்த கொறைக்காத."

பெண்ணின் மாமனுக்கு வில்லியனூர் கடைத்தெருவில் மளிகைக் கடை; வீடு கடைக்குப் பின்னாலேயே, பெண்ணும் அங்கேதான் வளர்ந்தாள். அவர் புளியை நிறுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சிரிக்கவும் இல்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். என் வேலையை, ஊரை, எழுதியது நான்தான் என்பதைச் சொன்னேன். வேண்டுமானால் பத்திரிகை ஆபீஸிலிருக்கும் கடிதத்தோடு என் கையெழுத்தை ஒத்துப் பாருங்கள் என்றேன். மிளகாய் வாங்க வந்த இரண்டு பெண்கள் வாங்கிய பிறகும் போகவில்லை. இது விடிவதற்குள் பாகூர் போய்விடும், அதற்கடுத்த நாள் என் பள்ளிக்கூடத்துக்கு, பிறகு எனக்குப் பெண் பார்க்கிற வீடுகளுக்கு என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. ஆனால் பாதி சொல்லியானதும் நிறுத்தத் தோன்றவில்லை.

மாமன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பசங்கள அடிப்பியா?"

"இல்லிங்க."

"சாப்பிடுவியா?"

"சாப்பிடுவேங்க."

"அப்ப இன்னா நோவு உனக்கு? எனக்கு ஒண்ணும் புரியல," என்றவர், என் நண்பன் பக்கம் திரும்பினார். "இவரு உனக்காகப் பழிய ஏத்துக்கினு வரலன்னு நான் எப்பிடி நம்பறது?"

உள்கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"மாமா, அவருக்கே அந்த மாரி இருந்தாலும் பரவாயில்லன்னு நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல. சொல்லலாமான்னு கேக்கத் தோணிச்சே அந்த ஆளுக்கு. நீங்கதான் கேக்கல. அவருக்கு வேற ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லச் சொல்லுங்க."

மாமன் அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நண்பனுக்கு வியர்த்துவிட்டது.

"தறிச் சத்தத்துல எனக்கு எடது காது கேக்கறதில்ல," என்றான். "நிச்சயத்தப்ப சொல்லியிருக்கணும். பயத்துல சொல்லல."

"அது தெரியும், மாமா. மோர் ஊத்தட்டுமான்னு மூணு வாட்டி கேட்டேன். மூணு வாட்டியும் 'நல்லா இருக்குது'ன்னாரு."

மிளகாய் வாங்க வந்தவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். மாமன் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "வைகாசியே இருக்கட்டும்," என்று தராசை எடுத்தார். நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தார்.

கிளம்பும்போது அதே குரல், "அண்ணே, டாக்டரு ஆஸ்பத்திரிக்குப் போவச் சொன்னாரே, போனிங்களா?" என்றது.

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு எழுதினிங்க?"

வீட்டில் நானே சொன்னேன். அம்மா முறத்தை இறக்கி வைத்துவிட்டு, "உங்கப்பாவுக்கும் கல்யாணமான புதுசுல இப்பிடித்தான் மூச்சு முட்டும், கொல்லையில போய் உக்காந்துக்கும்," என்றாள். அப்பா கேட்காத மாதிரி எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அவர் மறுக்கவில்லை என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. பெண் பார்க்க இருந்த இரண்டு இடங்களில் ஒன்று விலகிக்கொண்டது. இன்னொரு இடத்தில், "மாத்திரை சாப்பிட்டா சரியாப் போவுமாமா?" என்று மட்டும் கேட்டு அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமலே நண்பன் என்னோடு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தான். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் கீரைக்கட்டு வைத்திருந்த ஒருவர், பூத் தொடுத்தபடி ஒரு பெண், அரசாங்க ஆபீஸ்காரர் போல ஒருவர்.

"இதுல யாருக்குடா நோவு?" என்றான் நண்பன் தணிந்த குரலில்.

"அவங்களும் நம்மளப் பாத்து அதத்தான் கேட்டுகினு இருப்பாங்க."

உள்ளே டாக்டர் என் வயதுக்காரர்தான். பத்திரிகையில் அச்சாகியிருந்ததையே இவரும் சொன்னார். ஆனால் எதிரில் உட்கார்ந்து, எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, வரும்போது என்ன நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் சொல்லி முடிக்கும் வரை பேனாவை எடுக்காமல் இருந்தார். மாத்திரை எழுதிக் கொடுத்து, இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அரியாங்குப்பம் பாலம் வந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கண்டக்டர் தோளைத் தட்டித்தான் விழித்தேன். பாகூரைத் தாண்டி வந்திருந்தோம். நண்பன் என் மேல் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாபா, ரெண்டு பேரும் இப்பிடித் தூங்கறிங்க? எறங்குங்க," என்றார் கண்டக்டர்.

இறங்கி, வெயிலில் வந்த வழியே நடந்தோம். இரண்டு மைலாவது இருக்கும். அவன் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான்.