நாங்கள் போட்ட ரோடு

ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் போகும் ரோட்டுக்குத் தார் போட்டார்கள். அதில் நானும் என் வீட்டுக்காரரும் கூலிக்குப் போனோம். நான் கூடையில் ஜல்லி சுமந்தேன். அவர் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு கொதிக்கும் தாரை ஊற்றினார். சாக்கையும் மீறி அவர் பாதம் வெந்து தோல் உரிந்தது.

ரோட்டைத் திறந்துவைக்கப் பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். கந்தலும் கரியுமாக நாங்கள் அவர் கண்ணில் படக்கூடாதென்று எங்களைப் புதர் மறைவுக்கு விரட்டினார்கள். மாலை கான்ட்ராக்டர் கழுத்தில் விழுந்தது. "ரொம்ப நல்லா போட்டிருக்கீங்க" என்றார் அதிகாரி. கான்ட்ராக்டர் பணிவாகக் கும்பிட்டார். அந்தக் கையில் ஒரு கொப்புளமாவது இருந்திருக்குமா?

கார்கள் போனபின் வீட்டுக்குக் கிளம்பினோம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. விடுவிடுவென்று ரோட்டில் ஏறி நடுவில் நடந்தேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"எறங்கும்மே, ரோடு அழுக்காப் பூடும்."

"நாமதானே போட்டோம்?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார். தோல் உரிந்த பாதத்தோடு ஓரத்து முள்ளிலும் கல்லிலும் இறங்கி நொண்டிக்கொண்டே நடந்தார். நான் கையை உதறிவிட்டுக் கொஞ்ச தூரம் ரோட்டிலேயே நடந்து பார்த்தேன்.

பிறகு நானும் இறங்கிவிட்டேன்.