கொடி போட்ட கோப்பை

மலாயா சுதந்திர நாளான மெர்டேக்கா கொண்டாடி முடித்த வாரம். மலாக்கா காஜா பெராங்கில், ஒரு தேநீர்க் கடையில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறேன். கடைக்காரர் மைதீன் நானா கொடுத்த கோப்பையில் இங்கிலாந்து ராணியின் படம் பாதி அழிந்திருக்கிறது. கண்ணாடி அலமாரியில் புதுக் கொடி போட்ட பீங்கான் கோப்பைகள் இருக்கின்றன.

“அதுல குடுக்க மாட்டீங்களா நானா?”

“கேட்டா குடுப்பேன் தம்பி. நான்தான் அதுல குடிக்கிறதில்ல. நான் ராம்நாட்டுல பொறந்தவன். இங்க பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அது வந்தப்புறம் குடிக்கலாம்னு இருக்கேன்.”

“வரலன்னா?”

அவர் மேசையைத் துடைக்கிறார்.

வாசலில் பலகாரம் விற்கும் பெண் மலாக்காச் செட்டி சமூகத்தவள். தமிழ் வம்சம்தான், ஆனால் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்தான், தமிழ் வராது. என்ன பேச்சு என்று மலாயில் கேட்கிறாள். நானா சொல்கிறார். அவள் எழுந்து வந்து அலமாரியைத் திறந்து, கொடிக் கோப்பை ஒன்றை எடுத்து, தானே தேநீர் ஊற்றி நீட்டுகிறாள்.

“மினும்லா, நானா.”

குடிக்கச் சொல்கிறாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் தேநீர் போட்டது நீங்கள்தானே, இதற்குமேல் யார் வந்து சொல்ல வேண்டும் என்றும் மலாயில் கேட்கிறாள்.

நானா வாங்கிக்கொள்ளாமல் உள்ளே போகிறார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வைக்கும் கறுப்புச் சொங்கோக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, நின்றபடியே குடிக்கிறார்.

அவள் சர்க்கரை போடவில்லை. நானா கேட்கவும் இல்லை.