வாஷி பாலத்தில் மூச்சு முட்டிய கார்

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. காற்று, பெட்ரோல், நெருப்பு மூன்றும் சரியாக இருந்தால் இன்ஜின் ஓடும், ஒன்று குறைந்தால் ஓடாது, அவ்வளவுதான் என்று எல்லோரிடமும் வாயடித்துத் திரிந்தவன் நான். எனக்கு வாய்த்த கார் ஊரெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு வாஷி பாலத்தில் மட்டும் மூச்சுத் திணறியது. என் அண்ணன் பைக்கோடு விழுந்து செத்ததும் அந்தப் பாலத்தில்தான்.

செம்பூரில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஆசை, வேறென்ன. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டர்போ வண்டி, வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, இன்ஜினுக்குள் திணிக்கிற ஜாதி. அது போதாதென்று தாராவியில் கேரேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொடுத்து ட்யூனிங்கும் செய்தேன். அவர் கம்ப்யூட்டரில் அழுத்தத்தைக் கூட்டி, முன்னால் காற்று நுழையும் வாயில் இருந்த வலையையும் கழற்றிவிட்டார். அதன்பின் மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதன்முறையாக அது நடந்தது. பாலத்தில் ஏறி ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினேன். அழுத்தம் காட்டும் முள் விறுவிறுவென்று ஏறி, நடுவில் நின்று, விழுந்தது. பானெட்டுக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு யாரோ முனகுவது மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்ததும் சத்தம் நின்றது. ஓரங்கட்டி, இறங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கீழே சேற்றுத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

அடுத்த வாரம் ஒரு டேங்கர் லாரியை முந்தும்போது பாதியில் மறுபடி முனகல். வண்டி தொய்ந்துவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தபடி என் பம்பரை உரசாத குறையாக ஒதுங்கிப் போனது. அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன். சாவுக்குக்கூட அவ்வளவு பயமில்லை. அம்மாவை மறுபடியும் அதே பாலத்துக்குக் கூட்டி வருவார்களே என்றுதான்.

இதில் மர்மம் இல்லை என்று எனக்கே தெரியும். செம்பூர் நெரிசலில் முழுக்க மிதிக்க இடமேது? பாலத்தில்தான் மிதிக்க முடியும், அதனால் கோளாறும் அங்கேதான் தலைகாட்டும். இந்தக் கணக்கு சரிதான். ஆனாலும் பாலம் நெருங்கினால் பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்வேன்.

கேரேஜில் அண்ணாச்சி ஒன்றையும் விடவில்லை. ஸ்பார்க் பிளக் மாற்றினார். குழாய்களுக்குள் புகையை ஏற்றி எங்காவது கசிகிறதா என்று பார்த்தார். ஒரு இழைகூட வெளியே வரவில்லை. பில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே சுத்தம். கம்ப்யூட்டரும் ‘காற்று போதவில்லை’ என்ற ஒரே பாட்டைப் பாடியது. அழுத்தத்தைப் பழையபடி குறைத்து வைத்தால் வண்டி சமர்த்தாக ஓடியது, கூட்டினால் பாலத்தில் முனகியது.

ஒருநாள் அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“தம்பி, தப்பா நெனைக்காதிய. இது நம்ம கைக்கு அடங்குத மாதிரி தெரியல. ஒரு நல்ல ஆள வச்சு கழிப்புக் கழிச்சிருங்க.”

“நீங்க மெக்கானிக்கா பூசாரியா? காலிபீலி, சும்மா பயமுறுத்தாதீங்க அண்ணாச்சி” என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கடைசியாக ஒன்று பார்க்கலாம், காற்று இழுக்கிற இழுப்பில் ரப்பர் குழாய் சப்பிப்போகிறதா தெரியவில்லை, ஓடும்போதுதான் பிடிக்க முடியும் என்றார். ஹெல்மெட்டில் ஒட்டுகிற சின்னக் கேமராவை பம்பருக்கு உள்ளே, குழாயின் வாயைப் பார்க்க ஒட்டினார். இருவருமாகப் பாலத்துக்குப் போய், அது முனகும்வரை மிதித்துவிட்டுத் திரும்பினோம்.

கேரேஜில் உட்கார்ந்து வீடியோவை ஓட்டினோம். கிரில் வழியாக வந்த வெளிச்சத்தில் குழாயின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. பாலம் வந்தது. இன்ஜின் சத்தம் ஏறியது. அப்போது கீழே இருட்டிலிருந்து மஞ்சளாக ஏதோ எழுந்தது. அவசரப்படாமல், தடவிப் பார்க்கிற கை மாதிரி மேலே வந்து, அந்த வாயை இறுக மூடியது. முனகல் கேட்டது. நான் காலை எடுத்த இடத்தில் அது விட்டுவிட்டு இருட்டுக்குள் இறங்கிப் போனது.

அண்ணாச்சி வீடியோவை நிறுத்தினார். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

பம்பரைக் கழற்றியதும் தெரிந்தது. உள்ளே ஒரு கம்பியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. அதன் நுனியில் முடிந்த ஒரு காசு. அந்தக் கனத்தில் துணியின் நீண்ட வால் யார் கண்ணுக்கும் படாமல் கீழே தொங்கியிருக்கிறது. பெரிய இழுப்பு வரும்போது மட்டும் பறந்து, வலையில்லாத வாயில் போய் ஒட்டியிருக்கிறது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

“சாமிக்கு முடிஞ்சதுல்லா தம்பி. நான் தொட மாட்டேன். நீங்களே அவுருங்க.”

அவிழ்த்தேன். மஞ்சளுக்கு அடியில் பச்சைக்கரை தெரிந்தது. அண்ணனின் வேட்டிக் கிழிசல், மஞ்சளில் நனைத்தது. ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் வைத்துவிட்டு வருகிறேன், நீ மேலே போ என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று குலசாமிக்குக் காசு முடிந்துபோடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பானையில் போடுவார்கள், அரிசி டப்பாவில் போடுவார்கள். காரின் மூக்கில் போட்டது என் அம்மாவாகத்தான் இருக்கும்.

பம்பரை மாட்டிவிட்டுத் தனியாகப் பாலத்துக்குப் போனேன். மிதித்தேன். முள் தயங்காமல் மேலே போய் நின்றது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்; வண்டிக்குள் ஒரு ஆள் குறைந்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து துணியை அம்மா முன்னால் வைத்தேன். வழியெல்லாம் சேர்த்து வைத்த கோபம்.

“இதுதாம்மா என்னைக் கொல்லப் பாத்துச்சு. பஸ்ஸுக்கு அடியில போயிருப்பேன், தெரியுமா?”

அம்மா பதறவில்லை. துணியை எடுத்து மடியில் விரித்து, கரி படிந்த இடத்தைக் கையால் தேய்த்தாள். “நீ ஓட்டும்போது அவன் கூடவே இருக்கட்டும்னு நெனச்சேன்” என்றாள். பிறகு, “இப்ப எப்படி ஓடுது?” என்று கேட்டாள்.

“ஏக்தம் நல்லா ஓடுது. இப்ப வண்டில ஒரு கோளாறும் இல்ல.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அன்னைக்கு போலீஸ் ஸ்டேஷன்ல உங்கண்ணன் பைக்கப் பாத்துட்டு அதத்தானலே சொன்னானுவ. வண்டில ஒரு கோளாறும் இல்லன்னு.”